பத்துக்கு நாலு

புதிதாகக் கம்பெனி பஸ் ஓட்ட வந்திருக்கும் தம்பிகளுக்கு, முருகன் துணை.

வண்டி ஓட்டுவதைப் பற்றி நான் உங்களுக்கு ஒன்றும் எழுதப் போவதில்லை. போன மாதம் வாணியம்பாடியில் ஒரு கல்யாணத்துக்கு உங்களில் ஒருவர் ஓட்டிய வண்டியில்தான் போனேன். ஏறி உட்கார்ந்த பத்தாவது நிமிஷம் தூங்கிவிட்டேன். ஒரு டிரைவருக்கு இன்னொரு டிரைவர் தரக்கூடிய சர்டிபிகேட் அதற்கு மேல் கிடையாது.

நான் எட்டாவது வரை படித்தவன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனிக்கு மாதனூர்ப் பக்கத்துப் பெண்களை ஏற்றி இறக்கியே என் சர்வீஸ் முடிந்தது. ஆண்டவன் புண்ணியத்தில் ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட அடித்ததில்லை. ஆனால் ஒரே ஒரு ஆக்சிடென்ட் பண்ணியிருக்கிறேன். அப்போது வண்டி நின்றுகொண்டிருந்தது. இன்ஜின் அணைந்திருந்தது. நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு குடும்பம் நொறுங்கப் பார்த்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் காகிதம்.

எண்பதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஆம்பூரிலிருந்து காலி வண்டியாகக் கிளம்பி, வழியெல்லாம் பெண்களை ஏற்றிக்கொண்டு போய், கடைசி ஸ்டாப்பான மாதனூரில் திருப்பிக்கொண்டு, எட்டு மணிக்குள் கம்பெனிக்கு வந்துவிட வேண்டும். ஒரு ஸ்டாப்பில் இரண்டு நிமிஷம், அதற்கு மேல் நிற்கக் கூடாது. எட்டுக்கு கேட்டைச் சாத்தினால் சாத்தியதுதான், வண்டியில் இருக்கும் முப்பத்தைந்து பேருக்கும் அரை நாள் போச்சு.

இது உங்களுக்கும் தெரிந்த கதைதான். ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களோ இல்லையோ. இந்தப் பெண்கள் விடியற்காலையில் எழுந்து, தண்ணீர் பிடித்து, சோறு வடித்து, பிள்ளைகளைக் கிளப்பிவிட்டு வருகிறவர்கள். அன்றைக்கு முதல் தடவையாக அவர்கள் உட்காருவதே நம் வண்டியில்தான். வீட்டில் பேச முடியாததையும் கம்பெனியில் பேசக் கூடாததையும் அந்தக் கொஞ்ச நேரத்தில் பேசித் தீர்ப்பார்கள். டிரைவருக்குக் காது இருப்பதாகவே நினைக்க மாட்டார்கள். ஸ்டீயரிங் மாதிரி, கியர் மாதிரி, நாமும் வண்டியில் ஒரு உருப்படி. அது அவர்கள் நமக்குத் தருகிற மரியாதை என்பது எனக்கு அப்போது புரியவில்லை.

மாதனூரில் ஏறுகிறவர்களில் தேவகி என்று ஒரு பெண். ஷூவின் மேல்பாகம் தைப்பதில் அவள் கைக்கு ஈடு அந்த ஹாலிலேயே கிடையாது. அவளுடைய வீடு தார் ரோட்டிலிருந்து ஒன்றரை மைல் உள்ளே. புருஷன் ஏழுமலை தினமும் அவளை சைக்கிள் கேரியரில் வைத்துக் கொண்டுவந்து விடுவான். முன்னால் ஹேண்டில்பாரில் அவளுடைய சாப்பாட்டு டப்பா ஆடிக்கொண்டு வரும். அவள் ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னல் வழியாக டப்பாவைக் கொடுத்துவிட்டு, வண்டி வளைவில் திரும்பும் வரை ஒற்றைக் காலை ஊன்றியபடி நின்றுகொண்டிருப்பான். இரண்டு காணி நிலம், ஒரு கிணறு, ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை. குழந்தைக்குத் தலை பின்னி விடுவதும் அவன்தான். அதை வைத்து ஊர் ஆண்கள் அவனைச் சீண்டுவார்கள். அவன் சிரித்துக்கொண்டே போய்விடுவான்.

அந்த வருஷம் புது மெஷின்களைப் பழக்கிவிட ஜெர்மனியிலிருந்து ஒரு டெக்னீஷியன் வந்தார். கூடவே அவர் சம்சாரமும் வந்தார்கள். கெஸ்ட் ஹவுசில் நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு எப்படி இருப்பது? மேனேஜர் சாயபுவிடம் கேட்டு, காலையில் என் வண்டியில் ஊரைச் சுற்றிப் பார்க்க வர ஆரம்பித்தார்கள். ஆம்பூரில் காலி வண்டியில் ஏறி, மாதனூர் போய், பெண்களோடு திரும்பி வருவார்கள். முதல் சீட்டு, தொப்பி, கையில் ஒரு நோட்டு. பெண்களுக்கு அவர்களை ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. ஒருத்தி பூ கொடுப்பாள், ஒருத்தி வேர்க்கடலை கொடுப்பாள். செக்கிங் பிரிவில் குளோரி என்று ஒரு பெண் இருந்தாள், கான்வென்டில் படித்தவள், இன்னும் கல்யாணமாகாதவள். மேடம் கேட்பதை அவள் தமிழில் சொல்வாள், இவர்கள் சொல்வதை இங்கிலீஷில் சொல்வாள்.

ஒரு திங்கட்கிழமை மேடம் என்னவோ கேட்க, குளோரி சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுந்து நின்றாள்.

"மேடம் கேக்கறாங்க, உங்க வூட்டுக்காரருக்குப் பத்துக்கு எவ்ளோ மார்க்கு போடுவீங்களாம்?"

ஷம்ஷாத்தான் முதலில் வாயைத் திறந்தாள். தோல் பதனிடும் டேனரியில் டிரம் ஓட்டுகிறவரின் சம்சாரம், வாயாடி, நல்ல மனசு. "மொதல்ல பாஸ் மார்க்கு எவ்ளோன்னு கேளு," என்றாள். அவ்வளவுதான், எனக்கு கியர் மாற்றக் கை வரவில்லை. அப்படி ஒரு சிரிப்பு.

ஒருத்தி, நேற்றுக் கேட்டிருந்தால் எட்டு, இன்றைக்கு இரண்டு என்றாள். ஷம்ஷாத் என்னவோ ஓதிவிட்டு ஐந்து போட்டாள். பின்னால் ஜன்னலோரம் உட்காரும் ஒரு அம்மா, தன் முறை வருவதற்கு முன்பே "பத்து" என்றாள். அதற்கு மட்டும் யாரும் சிரிக்கவில்லை. முந்தின வாரம் அந்த அம்மா புடவைத் தலைப்பால் கன்னத்தை மூடிக்கொண்டு வந்தது எல்லாருக்கும் தெரியும்.

தேவகியின் முறை வந்தது. அவள் மடியில் இருந்த டப்பாவைப் பார்த்தாள். பிறகு, "நாலு போட்டுக்கோ," என்றாள்.

"அந்த மனுசனுக்கா நாலு?" என்று நான்கு பேர் ஒரே நேரத்தில் கேட்டார்கள். அவள் சிரித்தாளே தவிர, காரணம் சொல்லவில்லை. மேடம் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

பெண்கள் சும்மா விடுவார்களா? நீங்கள் எவ்வளவு போடுவீர்கள் என்று மேடத்தைத் திருப்பிக் கேட்டார்கள். ஏழு என்றார்கள். அதை அவரிடமே சொல்வீர்களா என்று ஷம்ஷாத் வாயைப் பிளந்தாள். போன வருஷக் கல்யாண நாளிலேயே சொல்லியாகிவிட்டது, அவர் எனக்கு ஆறுதான் போட்டார், மிச்சம் நாலுக்கு என்ன செய்யலாம் என்று இரண்டு பேரும் ராத்திரி முழுக்கப் பேசினோம் என்று மேடம் சொன்னார்கள். பெண்களுக்கு அதை நம்பவே முடியவில்லை. கம்பெனி கேட் வரைக்கும் அதே பேச்சு.

இதுவரைக்கும் யார் மேலும் தப்பில்லை.

சாயந்திரம் எல்லாரையும் இறக்கிவிட்டு மாதனூர் ஸ்டாப் டீக்கடையில் நின்றேன். ஏழுமலை வந்து தேவகியை ஏற்றிக்கொண்டு போனான். அவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டே டீ மாஸ்டர், "பொண்டாட்டிய ராணி மாதிரி வெச்சிருக்கான்யா," என்றார். அங்கே ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எனக்கு மட்டும் தெரிந்த ஒரு சங்கதி என் நாக்கில் இருந்தது. தம்பிகளா, அந்த ருசி பொல்லாதது. "ராணி நாலு மார்க்குதான் போட்டிருக்குது," என்றேன். அதோடு விட்டேனா? மேடம் கேட்டது, குளோரி சொன்னது, தேவகி டப்பாவைப் பார்த்தது எல்லாவற்றையும் நடித்தே காட்டினேன். கடையே சிரித்தது. டீக்குக் காசு வாங்கவில்லை.

வீட்டுக்குப் போய் என் சம்சாரத்திடமும் சொன்னேன். நீ எவ்வளவு போடுவாய் என்று குஷியாகக் கேட்டேன். "மார்க்கு போடறதுக்கு நான் இன்னா டீச்சரா? எழுந்து போய்க் குளிங்க," என்றாள். நான் துண்டை எடுத்துக்கொண்டு போகும்போது பின்னாலிருந்து கேட்டாள்: "அந்தப் பொண்ணு அத உங்ககிட்டயா சொல்லிச்சி?"

நான் காதில் விழாதது போலக் குளிக்கப் போய்விட்டேன். செவ்வாய் தவறாமல் விரதம் இருக்கிறவன், ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்கிறவன். வயிற்றுக்குத்தான் விரதம் இருந்தேன், வாய்க்கு இருக்கவில்லை.

மறுநாள் சாயந்திரம் டீக்கடையில் ஏழுமலைக்கு "நாலு மார்க்கு" என்று பேர் விழுந்துவிட்டது. புதன்கிழமை காலையில் டப்பாவைக் கேரியரிலிருந்து தேவகியே எடுத்துக்கொண்டு ஏறினாள். வண்டி கிளம்புவதற்குள் அவன் திரும்பிப் போய்விட்டான். வியாழக்கிழமை சைக்கிள் வரவே இல்லை. ஒன்றரை மைலும் ஓடி வந்தாள், மூச்சு இரைக்க. அவளுக்காக நான் நாலு நிமிஷம் நின்றேன். கேட்டுக்குள் எங்கள் வண்டி நுழையும்போது வாட்ச்மேன் சங்கிலியைக் கையில் எடுத்துவிட்டார். இன்னொரு தடவை இப்படி வந்தால் எல்லாருக்கும் அரை நாள்தான் என்று டைம் ஆபீசில் சொல்லிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை தேவகி வரவில்லை.

ஒரு நிமிஷம் ஆயிற்று. இரண்டு நிமிஷம் ஆயிற்று. அவள் தெருவிலிருந்து வருகிற பெண் சொன்னாள், தேவகியை அம்மா வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டானாம். சண்டை இல்லை, சத்தம் இல்லை, அடி இல்லை. போய்க் கொஞ்ச நாள் இரு என்றானாம். எத்தனை நாள் என்று கேட்டதற்குப் பதிலே இல்லையாம். நாலு மார்க் டீக்கடைக்கு எப்படிப் போயிற்று என்று அந்தப் பெண் என்னைக் கேட்கவில்லை. மற்றவர்களும் கேட்கவில்லை. கண்ணாடியில் முப்பத்து நாலு முகமும் என்னையே பார்ப்பது தெரிந்தது.

"வண்டிய உள்ள வுடுங்கண்ணா," என்றாள் ஷம்ஷாத். "நாங்க அத்தினி பேரும் போய் அவராண்ட நாயம் கேக்கறோம். அரை நாள் போனா போவுது."

மேடத்துக்கு குளோரி விஷயத்தைச் சொன்னாள். மேடம் முகம் சிவந்து, தானே வந்து மன்னிப்புக் கேட்பதாகச் சொன்னார்கள். எல்லாரும் போகலாம் என்கிறார்கள். எல்லாரும் நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். எனக்கும் ஆக்சிலேட்டரை மிதித்து உள்ளே போய்விட வேண்டும் போலத்தான் இருந்தது. அத்தனை பேர் கூட்டத்தில் என் தப்பும் கரைந்துபோகும் இல்லையா?

ஆனால் ஒன்று தோன்றியது. ஏழெட்டுப் பேர் சிரித்ததையே தாங்க முடியாத மனுஷன் வாசலில் முப்பத்து நாலு பெண்களையும் ஒரு வெள்ளைக்கார அம்மாவையும் கொண்டுபோய் நிறுத்தினால், அவன் அதற்கப்புறம் அந்த ஊரில் எப்படி நடமாடுவான்? அதற்கப்புறம் தேவகியைச் சேர்த்துக்கொள்ள நினைத்தால்கூட அவனால் முடியாது. அவமானப்பட்டவனிடம் கூட்டம் போகக் கூடாது. தப்புச் செய்தவன் தனியாகப் போக வேண்டும்.

வண்டியை எடுத்தேன். பெண்கள் என்னைத் திட்டிய திட்டு இருக்கிறதே, கல்நெஞ்சுக்காரன் என்பது அதில் மரியாதையானது. எட்டுக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது கேட்டுக்குள் விட்டேன்.

நேராக மேனேஜர் சாயபுவிடம் போய், இது இது நடந்தது, என் வாயால் நடந்தது என்று சொன்னேன். அன்றைக்கு ஜும்மா தொழுகைக்காக வெள்ளை உடுப்பில் வந்திருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு, "பின் டயர்ல காத்து கம்மியா இருக்குது. போய்ப் பாத்துட்டு வா," என்றார். டயரில் காற்று சரியாகத்தான் இருக்கிறது என்று நான் ஆரம்பித்தேன். "டயர் கடை மாதனூர்லதான் நல்லா இருக்குமாம்," என்று சொல்லிவிட்டு ஃபைலைத் திறந்துகொண்டார்.

காலி வண்டியோடு மாதனூர் போய்ச் சேர்ந்தபோது, எதிர்ப்பக்க ஸ்டாப்பில் தேவகி நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் குழந்தை. குடியாத்தம் பஸ்ஸுக்கு நிற்கிறாள். அவள் பிறந்த வீடு அங்கேதான், லுங்கி நெய்கிற வீடு. ரோட்டைத் தாண்டி ஓடினேன்.

"இன்னாம்மா ஆச்சி?" என்றேன், தெரியாதவன் மாதிரி.

"ஒண்ணியும் புரியலண்ணா," என்றாள். "நாலு நாளா என் மூஞ்சியப் பாக்கறதில்ல. இன்னா தப்பு பண்ணேன்னு கேட்டா வாயத் தொறக்கறதில்ல. இதுக்கு மட்டும் பாருங்க, அனுப்பி வெக்கற நாளும் தல பின்னி வுட்டுத்தான் அனுப்பறாரு."

குழந்தையின் தலையைப் பார்த்தேன். எண்ணெய் வைத்து, வகிடு நேராக எடுத்து, இரட்டைப் பின்னல். ரிப்பன்கூட இரண்டு பக்கமும் சமமாக இருந்தது. இவளுக்கு விஷயமே தெரியாது! அவன் கேட்கவில்லை, இவளிடம் யாரும் சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்துக் குடியாத்தம் பஸ் வந்து நின்றுவிட்டது. கண்டக்டர் ஏறு ஏறு என்கிறார். குழந்தை படியில் காலை வைத்துவிட்டது. இதற்குமேல் சுற்றி வளைக்க நேரமில்லை. "திங்கக்கெழம நீ பஸ்ல நாலு மார்க்குன்னு சொன்னியே, அத டீக்கடையில சொன்னது நான்தாம்மா," என்று சொல்லிவிட்டேன்.

அவள் என்னை அறைந்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அறையவில்லை. குழந்தையைப் படியிலிருந்து இறக்கினாள். கண்டக்டர் வரியா இல்லியா என்று சத்தம் போட்டுவிட்டு விசில் ஊதினார். பஸ் போய்விட்டது.

"நீங்களாண்ணா?" என்று மட்டும் கேட்டாள்.

அவர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு உள்ளே போனேன். ஊருக்கு முன்னாலேயே வண்டியை நிறுத்திவிட்டு வரப்பில் நடந்தோம். ஏழுமலை வேர்க்கடலைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்தான், மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை. நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். டீக்கடையில் நடித்துக் காட்டியதையும் விடாமல் சொன்னேன். என்னை எது வேண்டுமானாலும் சொல்லு, அந்தப் பெண்ணை அனுப்பாதே என்றேன்.

அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "நாலுன்னு சொல்லிச்சா, இல்லியா?"

பொய் சொல்லியிருக்கலாம். எனக்கும் அது சுலபம், அவர்களுக்கும் சுலபம். முருகன் மேல் பாரத்தைப் போட்டு, "சொல்லிச்சி," என்றேன்.

"அப்பறம் இன்னா?"

தேவகி பையைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தாள். நான் விலகி நின்றேன்.

"எங்க வூட்ல தறியில பாவு இருக்கறப்ப நல்லாருக்குன்னு யாரும் சொல்ல மாட்டாங்க," என்றாள். "எங்கப்பா நெய்யறதப் பாத்து யாரானா அழகா இருக்குதுன்னா, எங்கம்மா ஓடியாந்து, எங்க, ஏதோ ஓடுதுன்னுதான் சொல்லும். நல்லாருக்குன்னு சொன்னா கண்ணு பட்டு இழை அறுந்துடும். நெய்து முடிச்சி அறுத்து எடுத்தப்பறந்தான் சொல்லணும். அத்தினி பேர் நடுவுல, பத்துன்னு நான் எப்பிடி சொல்றது?"

ஏழுமலையின் வீட்டார் அவன் தாத்தா காலத்திலேயே தறியை விட்டு நிலத்துக்கு வந்தவர்கள். அவனுக்கு இதெல்லாம் தெரியாது. மண்வெட்டியை வரப்பில் ஊன்றிவிட்டு அவள் பக்கம் திரும்பினான்.

"அப்ப நெசமா எவ்ளோ?" என்றான்.

"சொல்ல மாட்டேன்," என்றாள். "இன்னும் தறியிலதான இருக்குது."

மடை உடைத்துக்கொண்டு தண்ணீர் எங்கள் கால் வரை வந்துவிட்டது. அவன் ஓடிப்போய் மண் வெட்டிப் போட்டு அடைத்தான். அடைக்கிற சாக்கில் முகத்தையும் கழுவிக்கொண்டான். திரும்பி வந்து, துணிப்பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு, என்னைப் பார்த்து, இப்போது போனால் கம்பெனியில் சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்டான். மத்தியான அரை நாள் கிடைக்கும் என்றேன்.

"டப்பால சோறு இல்ல. இரு," என்று அவளிடம் சொல்லிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தான்.

அவ்வளவுதான் சமாதானம். அதைவிடப் பெரிதாக ஒரு பஞ்சாயத்தும் பண்ண முடியாது.

அன்று சாயந்திரம் டீக்கடைக்குப் போய், எந்த இடத்தில் நின்று நடித்துக் காட்டினேனோ அதே இடத்தில் நின்று, பஸ்ஸில் பேசியதை வெளியில் சொன்னது என் தப்பு என்று சொன்னேன். அப்படியென்றால் நாலு இல்லையா என்று டீ மாஸ்டர் கேட்டார். அதையும் சொல்ல மாட்டேன் என்றேன். என்னைக் கிண்டல் செய்தார்கள். செய்யட்டும். ஒரு மண்டலம் அந்தக் கடையில் டீ குடிப்பதில்லை என்று நேர்ந்துகொண்டேன். வண்டியில் வாயைத் திறப்பதையும் விட்டேன். ஷம்ஷாத்துக்கு அது தாங்கவில்லை. டிரைவர் அண்ணன் வாய்க்குப் போட்ட பூட்டின் சாவி யாரிடம் இருக்கிறது என்று தினம் ஒரு தடவை கேட்பாள்.

அடுத்த நாள் காலையில் மேடம் நோட்டைத் திறந்து, எல்லா மார்க்கையும் பேனாவால் அடித்துவிட்டார்கள். தேவகி முந்தின நாள் கம்பெனியில் தானே சொன்னதை குளோரி அவர்களுக்கு விளக்கியிருந்தாள். மேடத்துக்கு முதலில் பிடிபடவில்லையாம். எங்கள் ஊரில் சொல்லாமல் விட்டால்தான் வாடிப்போகும் என்று சொன்னார்களாம். பிறகு கேள்வியை மாற்றிக் கேட்டார்கள். மார்க் வேண்டாம், நேற்று அவர் உங்களுக்காக என்ன செய்தார், அதை மட்டும் சொல்லுங்கள் என்றார்கள்.

அதற்கு எல்லாரிடமும் பதில் இருந்தது. ஷம்ஷாத்தின் வீட்டுக்காரர் டேனரியிலிருந்து வந்தால், வாசலிலேயே எலுமிச்சம்பழத்தால் கை தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் உள்ளே வருவாராம். அவள் ஒரு நாளும் கேட்டதில்லை, அவரும் ஒரு நாளும் விட்டதில்லையாம். இன்னொருத்தியின் புருஷன் அவளுக்குக் காய்ச்சல் என்று ஜெபக் கூட்டத்தைப் பாதியில் விட்டு வந்தாராம். ஒருத்தியின் புருஷன் அவள் அம்மாவை பாகாயம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஒரு நாள் முழுக்க வரிசையில் நின்றாராம். சொல்லச் சொல்ல ஒவ்வொருத்தி முகமும் மாறியதைக் கண்ணாடியில் பார்த்தேன். மார்க் கேட்டபோது சிரித்தவர்கள், இதைச் சொல்லும்போது வெட்கப்பட்டார்கள். மேடமும் சொன்னார்கள். இந்த ஊர்க் கொசுவுக்கு அவர் ராத்திரி இரண்டு தடவை எழுந்து, அவர்கள் பக்கத்துக் கொசுவலையைச் சரி செய்வாராம். அந்த ஏழு மார்க்கில் இது சேர்ந்ததா என்று ஷம்ஷாத் கேட்டாள். இல்லை, மறந்துவிட்டேன் என்றார்கள் மேடம்.

பத்து மார்க் போட்ட அம்மா மட்டும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். குளோரி அவளைக் கேட்காமல் அடுத்த சீட்டுக்குப் போனாள். குளோரிக்கு வயது இருபத்திரண்டு. அந்த விவேகம் எனக்கு நாற்பதிலும் இல்லை. அந்த அம்மாவைப் பற்றி என் சம்சாரத்திடம் மட்டும் சொன்னேன், சிரிப்பதற்காக இல்லை. அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏதோ உறவு விசாரிப்பது போல அந்த வீட்டுக்குப் போய்வந்தாள். பிறகு அடிக்கடி போனாள். அங்கே என்ன பேசினார்கள் என்று நான் கேட்டதில்லை.

கல்யாணத்தில் எது மனுஷர்களைச் சந்தோஷமாக வைக்கிறது என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. ஒரு ஊரில் வாயால் சொல்லிக் காப்பாற்றுகிறார்கள், ஒரு ஊரில் சொல்லாமல் காப்பாற்றுகிறார்கள். குடியாத்தத்துக்கும் மாதனூருக்கும் நடுவிலேயே அந்த வழக்கம் மாறிவிடுகிறது, ஜெர்மனி எதற்கு? ஆனால் உங்கள் வண்டியில் உட்கார்ந்து பேசுகிற பெண்களின் பேச்சுக்கு அர்த்தம் அவரவர் வீட்டில்தான் இருக்கிறது. அதை டீக்கடைக்கு எடுத்துப்போனால் அர்த்தம் வழியிலேயே விழுந்துவிடும், வெறும் வார்த்தை மட்டும் போய்ச் சேரும். இது ஒன்றுதான் நான் கண்டது.

ஏழுமலை ஒரு வாரம் டீக்கடைப் பக்கம் வரவில்லை. ஸ்டாப்புக்கு வருவான், டப்பா கொடுப்பான், வளைவு வரை நிற்பான், போய்விடுவான். அதற்கடுத்த வாரம் ஒரு சாயந்திரம், வண்டி வருவதற்கு முன்பே கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். இதை டீ மாஸ்டரே எனக்குச் சொன்னார். உட்கார்ந்ததும் ஒருத்தன், நாலு மார்க்கு வந்துட்டாருப்பா என்று ஆரம்பித்திருக்கிறான்.

ஏழுமலை டீயை வாங்கி ஊதிக் குடித்துவிட்டுச் சொன்னானாம்: "நாலுதான்யா. எனக்கு என்னுது தெரியும். உனக்கு உன்னுது தெரியுமா? வூட்டுக்குப் போய்க் கேட்டுட்டு வந்து, இங்க எல்லார் முன்னாலயும் சொல்லு. சொல்றவனுக்கு டீ என் செலவு."

மறுநாள் யாரும் வந்து சொல்லவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. நான் ரிட்டயர் ஆகிற வரைக்கும் அந்த டீயைக் கேட்டு ஒருத்தனும் வரவில்லை.